ஞாயிற்றுக்கிழமை நீ செய்து வைத்த சமாதானம்

குமரேசா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை வீட்டில் நீ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட போட்டோவில் உன் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்கினவன் முகம். அதற்குப் பிறகு உன்னிடம் பேச இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் "மீட்டிங்ல இருக்கேம்மா, மெசேஜ் போடு" என்று வைத்துவிட்டாய். எனக்கு வந்திருக்கிற கோபம் மெசேஜில் அடங்காது. அதனால் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு ஒளித்து வைக்க வேண்டாம். உன் ஆபீஸில் இருப்பவர்கள், உனக்கு ஐந்து நாள் சமரசப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் கொடுத்தவர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அடுத்தவர் சண்டையைத் தீர்த்து வைக்கிறேன் என்று கிளம்புகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் நடந்தபடியே சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய். உன் தங்கை சுமதிக்குக் கம்பெனியில் ஒரு வரிசை ஆட்களுக்கு வேலை சொல்கிற லைன் லீடர் பதவி வந்தது. ஆறு வருஷம் கும்மிடிப்பூண்டியில் அந்த மேஜை முன்னால் நின்று, கால் வீங்கி, வயர் கோத்துக் கோத்துச் சம்பாதித்த பதவி. ஒத்துக்கொண்டால் ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் இரண்டாவது ஷிப்ட், வீடு திரும்ப நடு ராத்திரி ஆகும். அவள் புருஷன் பிரகாஷ் வேண்டாம் என்றான். அவள் போவேன் என்றாள். மூன்று வாரம் வீட்டில் சண்டை. கடைசியில் ஒருநாள் காலை அவளுடைய கம்பெனி அடையாள அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். உன் தங்கை உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பதவி வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிலைமையில்தான் நீ வேப்பம்பட்டிலிருந்து காரில் வந்து இறங்கினாய். கையில் இனிப்பு டப்பா, சார்ட் பேப்பர், இரண்டு கலரில் பேனா.

வந்ததும் விதிமுறை சொன்னாய். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக்கூடாது. சத்தம் போடக்கூடாது. "நீ இப்படிப் பண்றன்னு சொல்லாதீங்க, எனக்கு இப்படி இருக்குன்னு சொல்லுங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிரகாஷ் அமைதியாக, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எனக்கு அவ சேஃப்டி முக்கியம் மச்சான்" என்றான். நீ அதைப் பச்சை எழுத்தில் எழுதினாய். சுமதி, "என் கார்டை எடுத்து வெச்சிக்கினு இன்னா சேஃப்டி பேசற?" என்று கத்தினாள். நீ பேனாவைத் தூக்கி, குரலைத் தணிக்கச் சொல்லி, "சுமதி, டோன்" என்றாய். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணை நான்கு முறை "டோன், டோன்" என்று அடக்கினாய். அவனை ஒரு முறைகூட அடக்கவில்லை. அடக்க வேண்டிய அவசியமே வரவில்லை, அவன்தான் மெதுவாகப் பேசினானே! ஏன் மெதுவாகப் பேச முடிந்தது என்று யோசித்தாயா? கார்டு அவன் பையில் இருக்கிறது. கார்டு யார் பையில் இருக்கிறதோ அவருக்குக் கத்த வேண்டிய தேவை இல்லை. பறிகொடுத்தவள்தான் கத்துவாள். நீ போட்ட விதி அவள் வாயை மட்டும்தான் கட்டியது. இது உனக்குத் தெரியாது என்றால் உன் சான்றிதழைத் தூக்கிக் குப்பையில் போடு. தெரிந்தே செய்தாய் என்றால் அதைவிடக் கேவலம்.

அப்புறம் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் என்றாய். சுமதி ஒரு வருஷத்துக்குப் பதவியை விட்டுக்கொடுக்க வேண்டும். பிரகாஷ் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை இரண்டு பத்தியாக, எதிரெதிராக எழுதி, சமமாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாய். நான் கேட்கிறேன், அவளுடைய பொருளை அவளிடமே கொடுப்பது அவன் விட்டுக்கொடுத்ததாகுமா? வீடு புகுந்து பாத்திரத்தை எடுத்துப் போனவன் அதைத் திருப்பிக் கொடுத்தால், அதற்குப் பதிலாக நாம் வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டுமா? சுமதி தலையைக் குனிந்துகொண்டு "சரி" என்றாள். உன் அப்பா டிவி பக்கமிருந்து "முடிஞ்சிதா?" என்று கேட்டார். நீ கைதட்டினாய். போட்டோ எடுத்தாய். "ரெண்டு பேருக்கும் வெற்றி" என்று கீழே எழுதிப் போட்டாய். பதினோரு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

உன்னை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நடுவில் சுமதி டீ போடச் சமையலறைக்கு வந்தாள், ஞாபகம் இருக்கிறதா? என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது எதுனா சொல்லும்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒத்துக்கினு போம்மா. ஒரு வருஷம் தானே." அவள் கையை விட்டுவிட்டாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் அந்த "சரி". அந்தச் சரியை நான் இதற்கு முன்னால் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்ல வைத்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு. உன் அப்பாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

நீ ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். நான் வேலை பார்த்த கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மிஷினிலும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் ஒரு பட்டனை அமுக்கினபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டான். ஒரு கையால் பட்டன், ஒரு கையால் தகடு. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோகிலா என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். ஒருநாள் மத்தியானம் அவளுடைய வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

நான் அப்போது தொழிலாளர் கமிட்டியில் இருந்தேன். பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் நான்தான் அக்கா. யாருக்கு யாரோடு தகராறு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள், எனக்கும் அதில் பெருமை. மறுநாள் ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, "நீங்க பேசினா அந்தப் பொண்ணு கேக்கும். பெரிசாக்காம பேசி முடிச்சிடலாம். அவளுக்கும் நல்லது" என்றார்கள். கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். தன் கவனக்குறைவால் நடந்தது என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது, வேலையும் நிரந்தரம். நான் அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பிளாஸ்கில் ரசம் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரசத்தை நானே அவளுக்கு ஊட்டிவிட்டேன். அப்புறம் பேசினேன். கேஸ் என்று போனால் வருஷக்கணக்காக இழுக்கும், கல்யாணம் ஆகவேண்டிய பெண், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கா, பட்டனை நான் ஒட்டலையேக்கா?" நான், "தெரியும்மா. ஆனா..." என்றேன். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்னென்னவோ பேசினேன். அவள் "சரி" என்றாள். இடது கையால், எழுத்துப் பழகுகிற குழந்தை மாதிரி, கோணல் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வருஷ ஆண்டு விழாவில் எனக்கு மேடையில் சால்வை போட்டார்கள். சுமுகமான சூழ்நிலைக்கு உதவியதற்காக என்று மைக்கில் சொன்னார்கள். நீயும் சுமதியும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். கோகிலாவைப் பேக்கிங்கில் போட்டார்கள். விரல் இல்லாத கை எப்படி வேகமாகப் பேக் பண்ணும்? மெதுவாகச் செய்கிறாள் என்று தினமும் ஏச்சு. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவளாகவே நின்றுவிட்டாள். அந்த டேப் மட்டும் அப்படியே இருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போவேன்.

மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்கு அவளைப் போய்ப் பார்க்கிற தைரியம் வந்தது. ஸ்டேஷன் பக்கம் நாஷ்டா கடை வைத்திருந்தாள். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று ஸ்டூலைத் தள்ளினாள். நான் அங்கேயே நின்றபடி, தப்புப் பண்ணிட்டேன் கோகிலா என்று சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆபீஸ்காரங்க வந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேங்க்கா. மூஞ்சில அடிச்ச மாதிரி போங்கடான்னு சொல்லியிருப்பேன். நீங்க வந்துட்டீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு தட்டில் நான்கு இட்லி வைத்துக் கொடுத்தாள்.

இப்போது புரிகிறதா எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று? எதிரி வந்து அழுத்தினால் எதிர்த்து நிற்கலாம். அண்ணன் வந்து, அம்மா வந்து, அக்கா வந்து, அன்பாகப் பேசி உட்கார வைத்தால் எங்கே போவாள்? அம்மாவுக்குப் பழைய வேலையிலேயே அந்தப் புத்தி வந்துவிட்டது, போகட்டும். படித்த பிள்ளை உனக்கு எங்கிருந்து வந்தது?

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சமரசம் எப்படி இருக்க வேண்டும் என்று நானே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தாத்தா இறந்த பிறகு ஆரம்பாக்கம் நெல் நிலத்துக்காக நானும் உன் மாமாவும் கோர்ட்டுக்குப் போனோம், உனக்குத் தெரியும். நான்கு வருஷம் நாங்கள் பேசவில்லை. திருவள்ளூர் கோர்ட்டில் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வக்கீல் அம்மா இருந்தார். உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். இங்க நீங்க சொல்றது எதுவும் ஜட்ஜ் காதுக்குப் போகாது. பிடிக்கலைன்னா எந்த நேரத்திலும் எழுந்து போகலாம், அதுக்காக உங்க கேஸுக்கு ஒண்ணும் ஆகாது." எழுந்து போகலாம் என்று சொன்னதால்தான் நான் உட்கார்ந்தேன்.

எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்னிடம், "நிலம் கிடைச்சா என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். எனக்கு நிலத்தைவிட இன்னொன்று நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அப்பாவுடைய கருமாதிப் பத்திரிகையில் உன் மாமா என் பெயரைப் போடவில்லை. ஒரே மகள் நான். அந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, "இதை அவர்கிட்ட நான் சொல்லலாமா, நீங்க சொல்றீங்களா, யாரும் சொல்ல வேணாமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். அடுத்த முறை உட்கார்ந்தபோது சொன்னேன். சொல்லும்போது மேஜையைக் குத்தினேன். அந்த அம்மா என்னிடம் டோன் என்று சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். உன் மாமா, "நான்தான் வேணாம்னேன். கோவத்துல பண்ணிட்டேன்" என்றான். ஐந்து முறை உட்கார்ந்தோம். நிலம் இரண்டாகப் பிரிந்தது, கிணறு பொது. இன்றைக்கும் நாங்கள் ஒட்டி உறவாடவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை நான் தலையை நிமிர்த்திப் போட்டேன். நீ ஒரு மணி நேரத்தில் முடித்தாய். முடித்தாயா, மூடினாயா?

இன்னொன்று. அந்த அம்மா முதல் நாளே எங்களிடம், எனக்கு உங்கள் இரண்டு பேரையும் முன்பின் தெரியாது என்று சொன்னார். நீ சொன்னாயா? பாலிடெக்னிக்கில் பிரகாஷும் நீயும் ஒரே பைக்கில் சுற்றியவர்கள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே நீதான். இந்தக் கல்யாணம் நன்றாக இல்லை என்று ஊர் சொன்னால் உன் தலைதான் குனியும். அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, நான் யார் பக்கமும் இல்லை என்று சொன்னாயே, நாக்குக் கூசவில்லையா?

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. புதன்கிழமை பிரகாஷ் வேலைக்குப் போன பிறகு சுமதி வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டும் கார்டை அவன் இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அப்புறம், "இத்த யாருமே கேக்கலம்மா. அண்ணன்கூடக் கேக்கல" என்றாள். மெதுவாகச் சொன்னாள். போன கோடையில் அவள் லைனில் ஒரு பெண் மயக்கம் போட்டு விழுந்திருக்கிறாள். லைனை நிறுத்துகிற அதிகாரம் லீடருக்குத்தான். அப்போது லீடராக இருந்தவன் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணை ஓரமாக இழுத்துப் படுக்க வைத்துவிட்டு வேலை ஓடியிருக்கிறது. "அந்த இடத்துல நான் நிக்கணும்மா. நான் இருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றாள். நீ சார்ட் பேப்பரில் ஒரு வருஷம் தள்ளிப் போட்டது இதைத்தான்.

சாயங்காலம் பிரகாஷைப் பார்க்கப் போனேன். வீட்டில் வேண்டாம், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வாருங்கள் என்றான். போனேன். முதலிலேயே சொன்னேன், "மாப்ள, நான் நடுவுல நிக்கறவ இல்ல. நான் அவ அம்மா. அது தெரிஞ்சி பேசுங்க." பாதுகாப்பு, பஸ், அக்கம்பக்கம் என்று உன்னிடம் சொன்னதையே திருப்பிச் சொன்னான். டீ ஆறிப்போனது. அவனாகவே, தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அடுத்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது அத்தை. வேற எங்கியும் கிடைக்கல. அவ கம்பெனியிலதான் எழுதிப் போட்டுக்கீறேன். எடுத்தா அவ லைன்லதான் போடுவாங்க. நான் மிஷின்ல நின்னுக்கினு இருப்பேன். அவ வந்து எனக்கு வேலை சொல்லுவா" என்றான். கண் கலங்கியிருந்தது. சுமதிக்கு வேலை விஷயமே தெரியாது. மூன்று வாரம் நடந்த சண்டைக்கு அடியில் கிடந்தது இது. நீ எழுதிய பச்சை எழுத்தில் இதில் ஒரு எழுத்துகூட இல்லை.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "அதுக்கு அவ கார்டை எடுத்து வெச்சா சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிறகு அந்த வக்கீல் அம்மாவை நினைத்துக்கொண்டு, "இத்த நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொன்னா நல்லது. ஆனா ஒண்ணு, பேசறதுக்கு முன்னாடி கார்டு அவ கைக்குப் போயிடணும். அது பேரத்துல வராது" என்றேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகாமல், என் முன்னாலேயே கார்டை அவனே அவள் கையில் கொடுத்தான். நீ எழுதின காகிதத்தை சுமதி எடுத்து வந்து இரண்டாகக் கிழித்தாள். யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்கள். அவள் கத்தினாள். நன்றாகக் கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. நான் விட்டுவிட்டேன். கத்தி முடித்து அவளுக்கு மூச்சு வாங்கியபோது அவன் வேலை விஷயத்தைச் சொன்னான். அவள் திகைத்துப் போய், "இத்த சொல்றதுக்கு மூணு வாரமா? நான் உனக்கு யாரு?" என்றாள். அவன் முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம் அவர்களே பேசினார்கள். நான் எழுந்து வாசலில் போய் நின்றேன். மத்தியானம் வரை பேச்சு நடந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வேலை கிடைத்தால் வேறு லைன் கேட்பதாக அவன் சொல்லியிருக்கிறான். கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி சண்டை வரலாம். இன்னொரு முறை கார்டைத் தொட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சுமதி அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் கம்பெனிக்குப் போய் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இதையெல்லாம் உனக்கு நிதானமாக, நேரில் பார்க்கும்போது சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நேற்று நீயே கூப்பிட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் கதையைச் சொன்னாய். உன் கம்பெனியில் ஒரு காண்ட்ராக்ட் பெண், ஆட்கள் விவகாரம் பார்க்கிற உன்னிடம் புகார் கொடுத்திருக்கிறாள். மிஷினுக்குப் பின்னால் போகும்போதும் வரும்போதும் சூப்பர்வைசர் முதுகைத் தொடுகிறான் என்று. நீ சிரித்துக்கொண்டே, "சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்மா. அவர் நல்ல மனுஷன், பதினஞ்சு வருஷ சர்வீஸ். திங்கட்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சுப் பேசி முடிச்சிடுவேன்" என்றாய். சட்டப்படி அந்தப் பெண்ணாகக் கேட்டால்தான் சமரசம் பேசலாம், ஆனால் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றும் நீயே சொன்னாய். சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

என் வயிற்றில் பிறந்தவன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

குமரேசா, எல்லாச் சண்டையும் சண்டை இல்லை. நிலத்துக்கு நானும் மாமாவும் அடித்துக்கொண்டது சண்டை. அதில் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி நியாயம் இருந்தது. ஒருத்தன் தொடுகிறான், ஒருத்தி வேண்டாம் என்கிறாள். இதில் எந்தப் பாதியை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும்? அவன் தினமும் தொடுவதை வாரத்துக்கு ஒரு முறை என்று எழுதி, பச்சையில் ஒரு பத்தி, சிவப்பில் ஒரு பத்தி போட்டுக் கையெழுத்து வாங்குவாயா? நாளைக்கு ஷிப்ட் போடப் போகிறவன் அவன். காண்ட்ராக்டை நீட்டிக்கச் சொல்லி எழுதுகிறவன் அவன். அவன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்து உண்மையைச் சொல்லு என்றால் அவள் எதைச் சொல்வாள்?

நாளைக்குக் காலையில் அந்த மீட்டிங்கை நடத்தாதே. முதல் வேலையாக, உன் ஆபீஸில் இருக்கிற பெண் அதிகாரி யாரையாவது கூட வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தனியாகப் பார். என்ன நடந்தது என்று துருவாதே. அவளுக்கு இருக்கிற வழிகள் என்னென்ன என்று சொல். இந்த மாதிரிப் புகாரை விசாரிக்கிற கமிட்டி இருக்கிறது, எழுத்து மூலமான புகார் இருக்கிறது, அவள் விரும்பினால் மட்டும் பேச்சு. என்ன வேண்டும் என்று அவள் சொல்லட்டும். நாள் கேட்டால் நாள் கொடு. அதுவரை அவனை அந்த லைனிலிருந்து நகர்த்து. நகர வேண்டியவன் அவன், அவள் இல்லை. அவள் பேச வேண்டாம் என்றால் புகாரை அப்படியே கமிட்டிக்கு அனுப்பிவிட்டு நீ ஒதுங்கிக்கொள்.

மேனேஜருக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியும். பேசி முடிக்கத்தானே உன்னை வேலைக்கு வைத்தோம் என்பார். உன் பதவி உயர்வு நிற்கலாம், வேலையே போகலாம். வேப்பம்பட்டு வீட்டுக்கு நீ மாதாமாதம் பேங்குக்குக் கட்டுவதும் எனக்குத் தெரியும். இதெல்லாம் யோசிக்காமல் எழுதவில்லை.

அந்தப் பெண் பக்கம் நின்றதற்காக வேலை போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா. உன் அறை அப்படியே இருக்கிறது, நான் இருக்கிற வரைக்கும் உனக்குச் சோறு இருக்கிறது. வேலை போகக்கூடாது என்பதற்காக அவளை அவன் எதிரில் உட்கார வைத்தாய் என்று தெரிந்தால், என் வாசற்படி ஏறாதே.

பெற்றவள்.